கொசுறாக வந்த பிள்ளைகள்

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன், அதிலும் கடைசி வருஷம் பாதி நாள் போகவில்லை. ஒற்று எங்கே போடுவது, எங்கே விடுவது என்பது இன்றைக்கும் தடுமாற்றம்தான். மறதியும் சேர்ந்துகொண்டது. அடுப்பில் என்ன வைத்தேன் என்பதையே எழுந்து போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். முன்னால் நடந்ததைப் பின்னாலும் பின்னால் நடந்ததை முன்னாலும் எழுதியிருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊர் பட்டினச்சேரி. திருமலைராயன்பட்டினத்தை ஒட்டிய மீன்பிடி ஊர். என் வீட்டுக்கு எதிரே ஒரு கூடம் இருக்கிறது, சுனாமிக்குப் பிறகு கட்டியது. ரொம்ப நாள் அதில் பழைய வலையும் ஐஸ் பெட்டியும்தான் குடியிருந்தன. சாவி என்னிடம் இருக்கும். முழங்கால் போன பிறகு கூடை தூக்க முடியாமல் மீன் விற்பதை விட்டுவிட்டேன். எங்கேயும் போகாதவளிடம் சாவி இருந்தால் தேட வேண்டாம் என்று கொடுத்து வைத்திருந்தார்கள்.

அந்தக் கூடத்துக்குத்தான் சாயங்கால வகுப்பு வந்தது.

அதற்கு முன்னால் சாயங்காலப் படிப்பு என்றால் காசு கட்டிப் படிக்கிற டியூஷன்தான். சொந்தப் படகு வைத்திருக்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளை வேன் வந்து காரைக்காலுக்கு ஏற்றிக்கொண்டு போகும். மற்ற பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டதும் பையை மூலையில் எறிந்துவிட்டு மணலில் புரளும். வீட்டுப்பாடம் என்று ஒன்று இருப்பது மறுநாள் பல் துலக்கும்போதுதான் அதுகளுக்கு ஞாபகம் வரும்.

புது வகுப்புக்குக் காசு கிடையாது. ஏதோ ஒரு அறக்கட்டளை நடத்துவது என்றார்கள். வீட்டுப்பாடம் சொல்லித் தருவார்கள், கதைப் புத்தகம் உண்டு, படம் வரையலாம், கேரம் போர்டு, ரெண்டு கம்ப்யூட்டர். தினமும் சுண்டல். சுண்டல் அவிக்கிற வேலை எனக்கு. சொல்லிக் கொடுக்க நெரவியிலிருந்து ஒரு டீச்சர் ஸ்கூட்டியில் வந்தார். சின்னப் பெண், நல்ல பெண். நெல் விளைகிற வீட்டில் பிறந்தவர். ஆற்றில் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டால் சொல்லுவார். படகு எப்போது வரும் என்று தெரியாது.

பக்கத்து வீட்டில் நாலாவது படிக்கிற ஒரு பெண் இருந்தாள். அவள் அப்பா அடுத்தவர் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர், கடலுக்குப் போனால் நாலைந்து நாள் கழித்துத்தான் வருவார். அம்மா விடிவதற்கு முன்னால் துறைமுகத்துக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, காலையில் நெரவித் தெருக்களில் விற்பாள். மிச்சத்தை ஐஸில் வைத்து, சாயங்காலம் ரோட்டோரம் உட்கார்ந்து விற்பாள். காரைக்காலில் வேலை பார்த்துத் திரும்புகிறவர்கள் அந்த நேரத்தில்தான் மீன் வாங்குவார்கள். அதுவரைக்கும் தம்பிப் பயலை இந்தப் பெண்தான் இடுப்பில் வைத்திருக்கும். மூன்று வயது முடியாத பையன், நல்ல கனம்.

அந்தப் பெண்ணுக்குப் படிக்கிற பைத்தியம். வடை சுற்றி வந்த காகிதத்தைக்கூட எண்ணெயோடு விரித்துப் படிக்கும். பாதியில் கிழிந்திருந்தால், "மீதி எங்க ஆயா?" என்று என்னைக் கேட்கும், ஏதோ நான் தின்றுவிட்ட மாதிரி. வகுப்பு வரப்போகிறது என்று தெரிந்ததிலிருந்து தினமும் வாசலில் வந்து நிற்கும்.

"ஆயா, புஸ்தகப் பொட்டி வந்துடுச்சா?"

"நாளைக்கு வருமாம்."

"நேத்தும் இதான் சொன்னீங்க."

பெட்டி வந்தது. டீச்சர் சேர்க்கைக்கு நாள் குறித்தார். எல்லோரும் வீட்டில் இருக்கிற நாளாகப் பார்த்துக் குறித்ததாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மாவோ அப்பாவோ கூட வர வேண்டும், முதலில் வருகிறவர்களுக்கு முதலில் இடம்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் உலகமெல்லாம் வீட்டில் இருக்கும், வாஸ்தவம்தான். மீன் குழம்பு வைப்பதற்காக இருக்கும். அந்த மீனை விற்கிறவள் எப்படி வீட்டில் இருப்பாள்? எனக்கு அது அப்போதே தெரியும். டீச்சரிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. எனக்குப் புது ஆள் முகத்தைப் பார்த்துப் பேச வராது, சின்ன வயதிலிருந்தே அப்படி.

அன்றைக்குக் காலையில் வேன் டியூஷன் போகிற பிள்ளைகளின் அம்மாக்கள் முதலில் வந்தார்கள். பக்கத்து ஊர் போலகத்திலிருந்து அப்பாக்கள் பைக்கில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் இடம் நிரம்பிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண் தம்பியோடு போய் நின்றது. பெரியவர்கள் யாரும் இல்லாமல் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அழவில்லை. என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, காலண்டரில் அந்த மாதத்து நல்ல நேரம் முழுவதையும் படித்து முடித்தது.

மத்தியானம் அம்மாக்காரி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கூடையை இறக்காமலே எதிர்க் கூடத்துக்குள் போனாள்.

"ஞாயித்துக்கெழமையில எந்த மீன்காரி வூட்ல இருப்பா டீச்சர்? இன்னைக்கு ஒங்க வூட்ல என்ன மீன் வாங்குனாங்க?"

டீச்சர் பயந்துபோய், "கெழங்கான்" என்றார்.

"அது நான் குடுத்த கெழங்கான். தலைய எடு, செதிலச் சொரண்டுன்னு ஒங்கம்மா என்னைய அரை மணி நேரம் ஒக்கார வெச்சிட்டாங்க. அந்த அரை மணி நேரத்துலதான் எம்மவ எடம் போயிருக்கு."

"அக்கா, சத்தியமா எனக்குத் தோணலக்கா. முதல்ல வர்றவங்களுக்குக் குடுத்தா நியாயம்னு நெனச்சேன்."

"வெறுங்கையோட ஓடுறவளுக்கு நியாயந்தான். தலையில கூடை வெச்சிருக்கிறவ எப்புடி ஓடுவா?"

இதற்குள் கூடையும் கையுமாக இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். கூடம் முழுக்க மீன் வாசனை. டீச்சர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, திரும்பவும் பேசி முடிவு செய்யலாம், எந்த நாள் உங்களுக்குத் தோது என்று கேட்டார். எல்லோரும் ஒரே குரலில் வெள்ளிக்கிழமை என்றார்கள். வெள்ளிக்கிழமை எந்த வீட்டில் மீன் வாங்குகிறார்கள்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூட்டம் போட்டார்கள். இடம் கிடைத்தவர்கள், கிடைக்காதவர்கள், பிள்ளைகள் எல்லோரும் வந்துவிட்டார்கள். டீச்சர் சீட்டு எழுதிக் குலுக்கிப் போடலாம் என்றார். பக்கத்து வீட்டுக்காரி ஒத்துக்கொள்ளவில்லை.

"சீட்டுல பாதிப் புள்ளைக்கு வரும், பாதிப் புள்ளைக்கு வராது. வராத புள்ளைக்கு நீங்க என்ன சொல்லுவீங்க? கடக்கரையில பண்ற மாதிரி கூறு போடுங்க. எல்லாப் புள்ளைக்கும் வரட்டும், கொஞ்சங் கொஞ்சமா."

கூறு என்பதை டீச்சருக்கு விளக்க வேண்டியிருந்தது. ஏலத்தில் ஒரு பெட்டி மீனை ஒருத்தியாக எடுக்க முடியாதபோது நாலைந்து பேர் சேர்ந்து எடுப்போம். கரையில் கொட்டி, பெரிதும் சிறிதும் கலந்து ஆளுக்கு ஒரு குவியலாகப் பிரிப்போம். எது யாருக்கு என்பதில்தான் சண்டை வரும். அதனால் ஒருத்தியை முதுகு காட்டித் திருப்பி நிறுத்திவிடுவோம். இன்னொருத்தி ஒரு குவியலைத் தொட்டு, "இது யாருக்கு?" என்பாள். பார்க்காமல் நிற்கிறவள், "கோடி வீட்டுக்காரிக்கு" என்பாள். அவ்வளவுதான், மறுபேச்சு கிடையாது. நான் மீன் விற்ற காலமெல்லாம் முதுகு காட்டி நின்றது நான்தான். "இவள எதுக்குத் திருப்பணும்? நேரா நிறுத்துனாலும் தரையத்தான பாப்பா" என்று கேலி பேசுவார்கள்.

அப்படியே பிள்ளைகளையும் இரண்டு கூறாகப் போடுவது என்றும், ஒரு கூறு திங்கள் புதன் வெள்ளி, மற்றது செவ்வாய் வியாழன் சனி என்றும் பேச்சு வந்தது. போலகத்திலிருந்து வந்த ஒரு அப்பா, பைக் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே எழுந்தார்.

"எம்பையனுக்கு ஆறு நாளும் எடம் குடுத்துட்டு இப்ப மூணு நாளுன்னா எப்படிங்க?"

"அண்ணே, ஒங்க புள்ள போற வேனு எங்க ஊரு வழியாத்தான் போவுது. தெனம் கையாட்டிட்டுப் போறான். அதுவும் வேணும், இதுவும் வேணுமா?"

அவர் கொஞ்ச நேரம் சாவியைச் சுற்றினார். "சரி, மூணு நாளுன்னா பெட்ரோலாச்சும் மிச்சம்" என்று உட்கார்ந்துவிட்டார். சிரித்த சிரிப்பில் பாதிக் கோபம் போய்விட்டது.

பிறகு பாய் இரண்டை விரித்துக் கூறு போட ஆரம்பித்தார்கள். டீச்சர் பெரிய வகுப்பெல்லாம் ஒரு பாய், சின்ன வகுப்பெல்லாம் ஒரு பாய் என்றார். பொம்பளைகள் விடவில்லை.

"பெருசெல்லாம் ஒரு கூறு, பொடியெல்லாம் ஒரு கூறுன்னு எவளாச்சும் போடுவாளா? கலந்து போடுங்க டீச்சர்."

"கலந்தா நான் எப்படிக்கா பாடம் நடத்துறது?"

"அது ஒங்க பாடு. கூறு சரியா இருக்கணும்."

அப்படியே பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கையைப் பிடித்து அந்தப் பாய்க்கும் இந்தப் பாய்க்குமாக மாற்றினார்கள். ஒரே வீட்டு வால்கள் இரண்டு பேர் ஒரே பாயில் உட்கார்ந்துவிட்டதைப் பார்த்து ஒருத்தி, "இதுங்க ரெண்டையும் பிரிச்சுப் போடுங்கடி, ஒரு கூறே கெட்டுப்போயிடும்" என்றாள். பெற்றவளே அவள்தான்.

எல்லாம் முடிந்த பிறகு பார்த்தால் பக்கத்து வீட்டுப் பெண் மட்டும் இரண்டு பாய்க்கும் நடுவில் நின்றது. இடுப்பில் தம்பி.

டீச்சர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அக்கா, ஒண்ணாவது படிக்காத பிள்ளைங்களக் கூடத்துல சேர்க்கக் கூடாதுன்னு அறக்கட்டளையில சட்டம். இவள சேர்த்துக்கறேன். தம்பிய யார்கிட்டயாச்சும் விட்டுட்டு வரட்டும்."

"யாருகிட்ட டீச்சர்? அங்கன்வாடி மத்தியானமே மூடிருவாங்க. இவங்கப்பா கடல்ல. நான் ரோட்டுல. இவன கரையில விட்டா அலையப் பாத்து ஓடுவான்." கொஞ்சம் நிறுத்தி, மகளைப் பார்த்துச் சொன்னாள்: "வா, போவலாம். அடுத்த வருசம் பாப்பம்."

அந்தப் பெண் நகரவில்லை. 

அதற்குள் என்னைச் சுவரைப் பார்க்கத் திருப்பி நிறுத்திவிட்டார்கள், எந்தக் கூறு எந்த நாள் என்று சொல்வதற்காக. எனக்கு முன்னால் வெள்ளைச் சுவரும் ஒரு பல்லியும்தான். யார் முகமும் இல்லை. எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

"கொசுறு இல்லாம மீன் வித்தவ யாரு இருக்கா? அந்தப் பய கொசுறா வரட்டும். கூறுல சேக்க வேணாம். சுண்டல் அடுப்புகிட்ட என்னோட இருக்கட்டும்."

மீன் வாங்கினவர்களை ஒரு பொடி மீனாவது மேலே போடாமல் நாங்கள் அனுப்ப மாட்டோம். கொசுறுக்கு விலை கிடையாது, கணக்கும் கிடையாது. அது எல்லோருக்கும் தெரியும். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். "நம்ம ஊமச்சி வாய் தொறந்துட்டா" என்றாள் ஒருத்தி. டீச்சர், "சரி, கொசுறு" என்றார். குரலிலேயே சிரிப்பு தெரிந்தது. பாயில் யாரோ நகர்ந்து உட்காரும் சத்தம் கேட்டது. அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டது என்று பார்க்காமலே தெரிந்துகொண்டேன்.

"இது எந்த நாளு?" என்றார்கள். "திங்க, புதன், வெள்ளி" என்றேன். அந்தப் பெண் இருந்த கூறு அது என்று பிறகு சொன்னார்கள்.

நான் ஒரு தப்புப் பண்ணிவிட்டேன். அந்தப் பயல் கொசுறு என்று சொன்னேனே தவிர, அவன் ஒருத்தன் மட்டும்தான் என்று சொல்லவில்லை. திங்கட்கிழமை கூடத்தைத் திறந்தால் வந்த பெண்பிள்ளைகளில் பாதிப் பேர் இடுப்பில் ஒன்று. சில பேர் கையில் இன்னொன்று. எல்லாம் கொசுறு. கடைசியில் போலகத்துப் பைக்கும் வந்து நின்றது. அந்த அப்பா ஒரு சின்னப் பெண்ணை இறக்கிவிட்டு, "கொசுறு உண்டுன்னு சொன்னீங்கள்ல?" என்றார். இல்லை என்று சொல்ல எனக்கு ஏது வாய்.

அந்த வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒன்று சுண்டல் சட்டியைப் பார்த்து வரும், ஒன்று கடலைப் பார்த்து ஓடும், ஒன்று என் முந்தானையைச் சப்பிக்கொண்டு தூங்கிவிடும். உள்ளே டீச்சருக்கும் அதே பாடுதான். பெரிதும் பொடியும் கலந்து உட்கார்ந்து கத்தியதில் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. சுக்குத் தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "ஆயா, ஒங்க ஊர்க் கூறு என்னயக் கொல்லுது" என்றார். ஆனால் மறுநாளும் வந்தார். போகப் போகப் பெரிய பிள்ளைகள் சின்னதுகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தன. தப்பாகவும் சொல்லிக் கொடுத்தன, அதை டீச்சர் திருத்துவார்.

என்னால் முடியாமல் போவதற்குள் மீன்பிடித் தடைக்காலம் வந்து காப்பாற்றியது. விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக்கிடந்தன. ஆம்பளைகள் வலை பின்னுகிறோம் என்று உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி புருஷனிடம் போய்ச் சொன்னாள்.

"இங்க ஒக்காந்துருக்கறத கூடத்துல வந்து ஒக்காருங்க. சீட்டுக்குப் பதிலா கையில ஒரு புள்ள."

அவர்கள் முனகிக்கொண்டுதான் வந்தார்கள். வந்த பிறகு கெட்டிக்காரத்தனம் தாங்கவில்லை. கூடத்து வராந்தாவில் பழைய வலையைக் குறுக்கே இழுத்துக் கட்டினார்கள், எந்தக் கொசுறும் ரோட்டுக்கு ஓட முடியாது. இன்னொரு வலையில் தூளி கட்டினார்கள். மீசை வைத்த படகு டிரைவர் ஒருத்தர், எஞ்சின் சத்தத்தையெல்லாம் வாயாலேயே போட்டுக் காட்டுவார். உள்ளே படிக்கிற பிள்ளைகளும் அதைப் பார்த்தே உட்கார்ந்திருக்க, டீச்சர் வெளியே வந்து, "அண்ணே, கொஞ்சம் எஞ்சினை ஆஃப் பண்ணுங்க" என்று சொல்ல வேண்டியதாயிற்று.

அந்தச் சமயத்தில்தான் அறக்கட்டளைப் பெரியவர் சொல்லாமல் கொள்ளாமல் கார் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். வராந்தாவைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"என்னம்மா இது, பிள்ளைங்கள வலை போட்டுப் பிடிச்சு வெச்சிருக்கீங்க?"

டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண் கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தது. தம்பி வெளியே போனால் அவளும் வெளியே என்று அவளுக்குத் தெரியும்.

"பதிவுல இவங்க யாருமே இல்லையே. யாரு இவங்க?"

 நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, சுண்டலைக் கிளறிக்கொண்டே சொன்னேன்.

"கொசுறுங்க ஐயா. இதுங்க வரலேன்னா இதுங்கள தூக்குற அக்காக்காரிங்க வர முடியாதுங்க."

அவர் செருப்பைக் கழற்றினார். உள்ளே போய், "தம்பி தங்கச்சியத் தூக்கிட்டு வர்றவங்க எல்லாம் எழுந்திரிங்க" என்றார். பெண்பிள்ளைகளில் பாதிக்கு மேல் எழுந்தது. பையன்களில் ஒரே ஒருத்தன் எழுந்தான், மற்றவன்கள் அவன் டவுசரைப் பிடித்து இழுத்துச் சிரித்தான்கள். அவன் உட்காரவில்லை.

பெரியவர் வெளியே வந்தார். நான் நீட்டிய சுண்டலை நின்றுகொண்டே சாப்பிட்டார்.

"பதிவுல எழுத முடியாது. வெளிய அனுப்பவும் வேணாம். நான் கமிட்டியில பேசிட்டுச் சொல்றேன்."

சொன்னபடி பேசியிருக்கிறார். மழைக்கு முன்னால் இரண்டு பாயும், ஒரு பெட்டி நிறைய மரக்கட்டைப் பொம்மைகளும் வந்தன. சின்னதுகளைப் பார்த்துக்கொள்ள எங்கள் ஊரிலேயே ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தார்கள். படிக்க வருகிற பிள்ளை, வீட்டில் விட ஆள் இல்லாத தம்பி தங்கையோடு வரலாம் என்று சட்டத்தையே மாற்றிவிட்டார்கள். அடுத்த வருஷம் போலகத்திலும் ஒரு வகுப்புத் திறந்தார்கள். அந்தப் பிள்ளைகள் அங்கே போனதும் எங்கள் பிள்ளைகளுக்கு ஆறு நாளும் கிடைத்தது. சேர்க்கை இப்போதெல்லாம் இரண்டு இடத்திலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான். டீச்சர் அதில் கண்டிப்பு.

பக்கத்து வீட்டுப் பெண் இப்போது ஏழாவது படிக்கிறது. கூடத்துப் புத்தகப் பெட்டியை முழுக்க முடித்துவிட்டு, புதுப் பெட்டி கேட்டுப் பெரியவருக்குக் கடிதாசி போட்டது. அதுவும் வந்தது. தம்பி இந்த வருஷம் ஒன்றாவது. முறைப்படி அவனுக்கு இடம் உண்டு, பதிவிலும் பேர் ஏறிவிட்டது. ஆனால் பயல் பாயில் உட்கார மாட்டேன் என்கிறான். டீச்சர் கூப்பிட்டால் சுண்டல் அடுப்புப் பக்கம் ஓடி வந்து, "நான் கொசுறு டீச்சர்" என்கிறான். அக்காக்காரி வந்து காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறாள்.

இதை எழுதச் சொன்னது டீச்சர்தான். "ஒங்களுக்குப் பேசத்தானே கூச்சம் ஆயா, எழுதுறதுக்கு என்ன?" என்றார். வாஸ்தவம்தான். எழுதும்போதும் எனக்கு முன்னால் யார் முகமும் இல்லை.

எழுதினதைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்திருக்கிறேன். ஒற்றெல்லாம் சரிபார்த்துவிடும். கூடவே இதையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்: அவள் கூறு திங்கள் புதன் வெள்ளிதானா, இல்லை செவ்வாய் வியாழன் சனியா. அன்றைக்கு டீச்சர் வீட்டில் வாங்கினது கிழங்கானா, வேறே மீனா. முதல் நாள் அவித்தது பட்டாணியா, கடலையா. அவள் அம்மாவிடமும் கேட்கட்டும். ஆனால் அம்மாக்காரி, நான் அவ்வளவெல்லாம் சண்டை போடவில்லை என்பாள். அதை மட்டும் நம்ப வேண்டாம்.